திங்கட்கிழமை வரைக்கும் ஒரு கவர்

கையெழுத்தை விரலால் போடச் சொன்னார் கூரியர்காரர். பேனா இல்லியா அண்ணாச்சி என்றேன். "இப்ப எல்லாம் இதுலதாம்மா, விரல வச்சு இழுங்க" என்று போனை நீட்டினார். பிலோமினா என்று ஆரம்பித்தேன், பி மட்டும் உருப்படியாக வந்தது, மற்றதெல்லாம் மழைக்கு வெளியே வந்த மண்புழு. ஜெசிந்தா யாரு, எம் மக, நீங்க யாரு, அவ அம்மா, ஆதார் காட்டுங்க, காட்டினேன், எதையோ தட்டினார், கவரைக் கொடுத்தார், வண்டியை உதைத்தார், போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றேன். கடிகாரத்தில் இரண்டு பத்து. பிளாஸ்டிக் கவர், உள்ளே கெட்டியாக ஒரு சின்னப் புத்தகம். அது ஜெசியின் பாஸ்போர்ட் என்று தடவினாலே தெரிகிறது. அதற்குள் விசா ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது தடவினால் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று நானும் இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நாலு மணிக்குள் பெண்கள் கல்லூரியில் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துச் சேராவிட்டால் ஜெசியின் இடம் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவளே சொல்லிவிட்டாள், திங்கக்கிழமைக்குள்ள விசா வந்தா ஜெர்மனிக்குப் போறேன், வரலேன்னா ஒழுங்கா காலேஜ்ல சேந்துடுறேன், ரெண்டுல ஒண்ணு, அப்புறம் உன்ன நச்சரிக்க மாட்டேன் என்று. சொல்லிவிட்டு மூன்று நாளாக நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரல் நகம் பாதிக்கு மேல் இல்லை. அவள் நகத்தைக் கடித்துக் காத்திருக்கிற பதில் இதோ என் கையில் இருக்கிறது. ஜெசி டவுனில் ஜெர்மன் வகுப்பு முடிந்து நாலரை பஸ்ஸில் வருவாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் பகல். இந்தக் கவர் மூன்று நாள் கழித்து வந்ததாக இருந்தால் என்ன? கூரியர் என்றால் தாமதம் ஆகும்தானே, எத்தனை பேருக்கு ஆகிறது.

அப்படி நினைத்ததும் பயந்துபோய் மறுபடியும் தையலுக்கு உட்கார்ந்துவிட்டேன். லூர்து டெய்லர் கொடுத்தனுப்பிய பிளவுசுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறு ஊக்கு, சாயங்காலம் ஆள் வரும். கவரைப் பக்கத்தில் பாயின் மேல் வைத்தேன். ஊசியில் நூல் நுழையவில்லை. கவரைத் தையல் பெட்டிக்கு அடியில் வைத்தேன், அப்போதும் நுழையவில்லை. முந்தானையால் மூடினேன், என்னவோ செத்துப்போன ஒன்றை மூடியது போல இருந்தது, சீ என்று எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது, இப்போதைக்கு, சும்மா இப்போதைக்கு, ஜெசி வந்தவுடன் கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் எண்ணெய்க் கை படாத இடமாக இருக்க வேண்டாமா. பீரோவைத் தினம் அவள் குடைவாள். ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் கண்ணில் படும். அவள் படிப்புக்காக வீடு முழுக்கச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள், கதவில் ஒன்று, உப்பு ஜாடியில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, ஜெர்மன் எழுத்தில் எழுதி, எனக்காகக் கீழே தமிழிலும் எழுதி. கதவுக்கு ட்யூர். உப்புக்கு ஸால்ட்ஸ். அம்மா நீயும் சொல்லு, ட்யூரைத் திற, ஸால்ட்ஸ் போடு என்று ஒரு வாரம் என் உயிரை வாங்கினாள். அரிசி டிரம்மில் மட்டும் ரைஸ் என்றுதான் எழுதியிருந்தாள். இங்கிலீஷ்லதானட்டி எழுதிருக்க என்றேன். இல்லம்மா, அவங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க என்றாள். எனக்கு அன்றைக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அந்த ஊரிலும் ஒரு பொருளாவது நமக்குத் தெரிந்த பேரில் இருக்கிறதே என்று. டிரம் மூடியைத் திறந்தேன். அரிசியைக் கையால் விலக்கி, கவரை நெட்டுக்குத்தாக இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். மூடிவிட்டு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். திருடிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு வராது.

ஒரு வருஷம் என்று சொல்கிறார்களே தவிர, பதினொரு மாதம். ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தால் அடுத்த ஜூன் கடைசியில் முடிவது. உடம்புக்கு முடியாத பெரியவர்கள் இருக்கிற ஒரு இல்லம், அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அவர்களுக்குச் சோறு ஊட்டி, சக்கர நாற்காலி தள்ளி, துணி மடித்து. இங்கே தட்டைக் கழுவி வையட்டி என்றால் ஊறட்டும்மா என்கிறவள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிவிடுகிறவள், இவள் போய் அறுபது வயது ஆளுக்கு வாய் துடைத்துவிடப் போகிறாளாம். உல்ரிஷ் என்று ஒருவர் இருக்கிறார் அங்கே, வீடியோவில் காட்டினாள், என்னை விடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும், யாரைப் பார்த்தாலும் முதலில் இன்னைக்கு என்ன சாப்பிட்ட என்று கேட்பாராம், பதில் சொன்னதும் கை தட்டுவாராம், மறுபடி அரை மணியில் அதையே கேட்பாராம். ஜெசி இங்கிருந்து சாளைமீன் குழம்பு என்று சொன்னாள். அவர் கை தட்டினார். என்னையும் போன் முன்னால் இழுத்து உட்காரவைத்தாள். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வணக்கம் என்றேன், அதற்கும் தட்டினார். நல்ல மனுஷர்தான். அவரையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பிப்ரவரியில் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள், இந்த ஏற்பாட்டையெல்லாம் பார்க்கிற சிஸ்டர், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, டீயில் பாதியைக் குடித்துவிட்டு, உங்களுக்குச் சம்மதமாம்மா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்த சிஸ்டரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சம்மதம் சிஸ்டர் என்று வாய் சொல்லிவிட்டது. ஜெசியின் அப்பா சுவரில் சாய்ந்து நின்று, அவ சொல்றதுதான் சிஸ்டர் எனக்கும் என்றார். இருபது வருஷமாக இதே பல்லவி. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், எவ்வளவு பெரிய பெட்டியையும் துல்லியமாகத் தூக்கி வைப்பார், வீட்டில் ஒரு வார்த்தையைத் தூக்கி வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

பாருங்கள், ஊக்கை எல்லாம் இடப்பக்கம் தைத்துவிட்டேன். ஊக்கு வலப்பக்கம், நூல் வளையம் இடப்பக்கம், பதினெட்டு வருஷமாகத் தைக்கிற கை. பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். அந்தோணியாரின் வேலையாக இருக்கும். அவருக்கும் எனக்கும் ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம், ஜெசி சென்னையில் விசாவுக்குக் கொடுத்துவிட்டு வந்த மறு செவ்வாய், இரண்டு பேரும் அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். காணிக்கைக்கு உப்பும் மிளகும் பொட்டலமாக வாங்கி இரண்டு பேர் கையிலும் ஒவ்வொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். என்ன வேண்டினாள் என்று கேட்க வேண்டியதே இல்லை, நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. நானும் பக்கத்தில் முழங்காலிட்டு, அந்தோணியாரே, அந்தப் பேப்பர் அவளுக்குக் கிடைக்காமப் பாத்துக்கிடும், அடுத்த திருவிழாவுக்கு அசனச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை அரிசி தாறேன் என்றேன். அவள் மெழுகுதிரியில் இருந்துதான் என் மெழுகுதிரியைப் பற்றவைத்தாள், அதுவும் நான் குனிய முடியாமல் கஷ்டப்படுகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரே நிமிஷத்தில், ஒரே பீடத்துக்கு முன்னால், தாயும் மகளும் ஒருத்தருக்கு எதிராக ஒருத்தர். வெளியே வந்ததும், நீ என்னம்மா வேண்டின என்றாள். உனக்கு எது நல்லதோ அது நடக்கட்டும்னு என்றேன். கோயில் வாசலிலேயே பொய். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, எனக்கு ஜூஸ் வாங்கித் தா என்றாள். இப்போது அந்தோணியார் என்ன செய்திருக்கிறார் பார்த்தீர்களா. இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, நடுவில் நின்று, நீயே பார்த்துக்கொள் என்று கவரை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவருக்கும் ஜெசியின் அப்பா குணம்தான் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு ஜெசியின் அப்பா போன் செய்தார், தினமும் செய்வதுதான், சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பேன், சரி என்பார். இன்றைக்கு சரி என்றுவிட்டு வைக்கவில்லை. "கூரியர் ஏதும் வந்துச்சா?" என்றார். பின்னால் கிரேன் சத்தம். என் கண் டிரம்மின் மேல் இருந்தது. "வந்தா சொல்ல மாட்டனா" என்றேன். வரவில்லை என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள், வரவில்லை என்று நான் சொல்லவே இல்லை. "பாவம் பிள்ள, காலைல சரியா சாப்பிடல" என்றார். சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாதா, அவள் தட்டில் மிச்சம் வைத்த தோசையைத் தின்றதே நான்தான். வைத்துவிட்டேன். அப்புறம்தான் நினைத்தேன், ஜெசி ஏன் கேட்கவில்லை? பதினொரு மணிக்கு ஒரு தரம், ஒரு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு இடைவேளையில் ஒரு தரம், அம்மா வந்துச்சா, அம்மா வந்துச்சா என்று இந்த வாரம் முழுக்கக் கேட்டவள், இன்றைக்கு ஒரு மணிக்கு அப்புறம் போனே இல்லை. போன் செத்துவிட்டதா. வழியில் ஏதாவது ஆகிவிட்டதா. டவுனில் அந்த மூன்று ரோடு சேருகிற இடத்தில் லாரிகள் எதற்கும் நிற்பதில்லை. நானே கூப்பிடலாம், கூப்பிட்டால் அவள் கேட்பாள், கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிற நேரத்திலும் அரிசி டிரம்மைக் காவல் காக்கிறேன், இப்படி ஒரு தாய்.

அந்த நேரம் பார்த்து மைனி என்று குரல். பக்கத்து வீட்டு மரிய புஷ்பம், கையில் உழக்கோடு. "மைனி, ஒரு உழக்கு அரிசி தாங்க, கடைக்குப் போனவர் இன்னும் வரல, பிள்ளைக பசின்னு கத்துதுவ" என்று நேரே அடுக்களைக்குள் நடந்துவிட்டாள், எங்கள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், டிரம் மூடியில் கையே வைத்துவிட்டாள். "இரு இரு, நான் எடுத்துத் தாறேன்" என்று எழுந்த வேகத்தில் ஊக்கு டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஊக்கு. "என்ன மைனி, அரிசிக்குள்ள தங்கமா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். ஓரமாக, மேலாக, விரல் நுனியால் அள்ளினேன். "உழக்கு நிறையல மைனி." இன்னும் கொஞ்சம் அள்ளினேன். கவரின் ஒரு மூலை வெள்ளையாக எட்டிப் பார்த்தது, உள்ளங்கையால் அரிசியை அதன் மேல் தள்ளினேன். புஷ்பம் ஊக்குகளைப் பொறுக்கித் தந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். "ஜெசிக்கு அந்த விசா வந்துச்சா? வராட்டி நல்லதுன்னு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. படிப்புல ஒரு வருஷம் விட்டா அப்புறம் புள்ளைக்கு மனசு நிக்காது. எங்க சித்தி மக இப்படித்தான் ஒரு வருஷம் சும்மா இருக்கேன்னா, இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தாய்." எனக்குச் சுர்ரென்று வந்தது. "எம் மக ஒண்ணும் சும்மா இருக்கப் போகல, வேலைக்குப் போறா. வந்து படிப்பா. மூணு பாஷ தெரியும் அவளுக்கு இப்பவே" என்றேன். அவள் உழக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீங்கதான மைனி போன வாரம் அனுப்பப் பயமா இருக்குன்னு அழுதீங்க" என்றாள். "நான் அழுவேன். நீ சொல்லக் கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகும் நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன், மனசு நிக்காதாம், என்ன தெரியும் இவளுக்கு.

ஆனால் எனக்குத் தெரியும். ஒன்பதாவது முடித்த லீவில் என்னைப் பம்பாய்க்குக் கூட்டிப்போனார்கள், ரெஜினா அக்காவுக்குப் பிரசவம், கை உதவிக்கு ஆள் வேண்டும். ஒரு வருஷம்தான் பிலோ, பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் அனுப்பிடுறேன், பத்தாவதுல சேந்துக்கலாம் என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் டி.சி.கூட வாங்கவில்லை, திரும்பி வரப் போகிறவள்தானே. எஸ்தர் டீச்சர் இரண்டு மாதம் வரை என் பேரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களாம், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்களாம், கூடப் படித்த பிள்ளை பின்னால் சொன்னாள். பாப்பா ராபின் பத்தாம் மாதமே நடந்துவிட்டான், என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். அதற்குள் அக்காவுக்கு அடுத்தது உண்டாகிவிட்டது. மூன்று வருஷம். திரும்பி வந்தபோது எனக்குப் பதினெட்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவது. இதை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், ஜெசிக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன், ஒரு வருஷம் ஒரு வருஷம்னுதான் என் படிப்பு போச்சு என்று. அவள் ஒவ்வொரு தரமும், நான் யாருக்கும் பிள்ளை பாக்கப் போகலம்மா, எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு, முடிஞ்சா அனுப்பிடுவாங்க என்பாள். சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பம்பாய் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா வீடு மூன்றாவது மாடி, பால்கனியில் நின்றால் மின்சார ரயில் போவது தெரியும், சாயங்காலம் ராபினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன், பெண்கள் வேலை முடிந்து கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வேகமாக. அந்த நடையை நானும் நடந்து பார்த்திருக்கிறேன், ராபின் குலுங்கிச் சிரிப்பான். ஊரில் இருந்து அம்மா கடிதம் போட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் பிரிப்பேன். பிரித்தால் எப்ப வருவ என்று இருக்கும். முதல் வருஷம் முடிந்தபோது அக்கா, ஊருக்குப் போறியா, பள்ளிக்கூடம் திறக்கப் போகுதே என்று கேட்கத்தான் செய்தாள். நான்தான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா என்றேன். நான்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாக அக்கா பேரில் போட்டுவைத்திருக்கிறேன்.

அதுதான் பயம். ஜெசி அங்கே போய்க் கஷ்டப்படுவாள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், குளிர் என்கிறேன், சாப்பாடு என்கிறேன், தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள் என்கிறேன். கஷ்டப்பட்டால் அவள் வந்துவிடுவாள், அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பிடித்துவிட்டால்? அங்கேயும் ஒரு பால்கனி இருந்து, அங்கேயும் சாயங்காலம் நடக்க ஒரு ரோடு இருந்து, நான் கூப்பிட்டால் போனை இரண்டு நாள் கழித்து எடுத்தால்? அவள் சிரித்துக்கொண்டே நடப்பதை இங்கிருந்தே பார்த்தேன், பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், எங்கிருந்து வந்ததோ அந்தப் பச்சை. அழகாக இருந்தாள். விசா போட்டோவுக்கு முடியை இழுத்துக் கட்டி, இரண்டு காதும் தெரிய, சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தார்கள், அதில் அவள் எனக்குத் தெரியாத யாரோ மாதிரி இருந்தாள், நாலைந்து நாள் அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. ராத்திரி தூக்கத்தில் இன்னும் என் மேல் காலைப் போட்டுக்கொள்கிறவளா அது. மூன்று நாள்தான். திங்கட்கிழமை தாண்டிவிட்டால் அவள் தினமும் ஒன்பது மணிக்குக் காலேஜுக்குப் போய் மூன்றரைக்கு வந்துவிடுவாள், ஊறட்டும்மா என்பாள், அப்படியே மூன்று வருஷம். செவ்வாய்க்கிழமை நான் கவரை எடுத்து நீட்டி, இந்தாட்டி, இப்பதான் வந்துச்சு என்பேன். அவள் பிரித்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்ன செய்வாள்? அழ மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். பரவால்லம்மா என்பாள். அந்த பரவால்லம்மாவை நினைத்ததும் விரலில் ஊசி ஏறிவிட்டது, நகத்துக்கு அடியில், நன்றாக. பிளவுசில் ரத்தம் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலரை ஆயிற்று. நாலு முக்கால் ஆயிற்று. பஸ் போகிற சத்தம் கேட்டது, ஆளைக் காணோம். வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருமுனையில் தெரிந்தாள், மெதுவாக, காலால் ஒரு கல்லைத் தட்டிக்கொண்டே, வழியில் நின்று பூனையைக் கொஞ்சிக்கொண்டே. உயிர் வந்தது, வந்ததுமே கோபமும் வந்தது. "ஏட்டி, பஸ் போயி எவ்வளவு நேரமாச்சு, எங்க நின்ன?" என்றேன். "சும்மா நடந்து வந்தேன்ம்மா." செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சோறு போடு என்றாள். இந்த நேரத்தில் சோறா என்றேன், மத்தியானம் சாப்பிடவில்லை என்றாள். மீனை எடுத்து வைத்தேன். முள் எடுத்துத் தா என்றாள், பதினெட்டு வயதில். எடுத்துக் கொடுத்தேன். வகுப்பில் சார் திட்டியதைச் சொன்னாள், கூடப் படிக்கிற பெனிட்டாவுக்கு நிச்சயம் ஆனதைச் சொன்னாள், அப்பா இன்னைக்கு எந்த ஷிப்டு என்று கேட்டாள், லூர்து டெய்லர் பிளவுஸ் முடிஞ்சிட்டா என்று கேட்டாள். அதை மட்டும் கேட்கவில்லை. தட்டைக் கழுவினாள். ஊறட்டும் என்று சொல்லாமல், தேய்த்து, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து, பிளவுஸ் ஒன்றை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

எழுந்து போனேன். டிரம் மூடி இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். முழங்கை வரை விட்டு எடுத்தேன், அரிசி தரையில் சிந்தியது, பெருக்கிக்கொள்ளலாம். தவிடு ஒட்டியிருந்தது, புடவையில் துடைத்து, "இந்தா" என்றேன்.

வாங்கினாள். பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அரிசிக்குள்ளயாம்மா?" என்றாள். சிரித்தாள், சிரிக்கும்போதே உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"மத்தியானமே வந்துட்டு" என்றேன்.

"தெரியும். ரெண்டு பதினொண்ணுக்கு எனக்கு மெசேஜ் வந்துட்டு." போனைக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது, எழுத்துக் கூட்டினேன். மதர் என்ற வார்த்தை மட்டும் உடனே தெரிந்தது. "யார் வாங்கினாங்கன்னு போட்டு அனுப்புவாங்கம்மா. நீ போட்ட கையெழுத்துகூட இருக்கு, பாரு." இருந்தது. மண்புழு.

உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஏன் போன் பண்ணல? ஏன் ஓடி வரல? வந்தும் கேக்கல?"

"நீயா தந்தா போறதுன்னு இருந்தேன்."

"தராம இருந்திருந்தா?"

ஜெசி கவரின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை காலேஜ்ல சேந்திருப்பேன்."

"கேட்டிருக்க மாட்டியா என்கிட்ட? என்னைக்குமே?"

"மாட்டேன்."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். "என்ன நம்பியாட்டி இவ்வளவு பெரிய காரியத்த விடுவ? நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல, நீ பாட்டுக்கு பூனையக் கொஞ்சிட்டு வாற! புஷ்பம் வந்து அரிசி கேட்டா, அவ கையில மாட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நாளைக்கு நான் மனசு மாறி வேற எங்கயாவது ஒளிச்சு வச்சிருந்தா? எட்டு மாசமா படிச்ச பாஷ, சிஸ்டர் அலைஞ்ச அலைச்சல், அந்த உல்ரிஷ் என்ன சாப்பிட்ட என்ன சாப்பிட்டன்னு யாரக் கேப்பார்?" முதுகில் ஒன்று வைத்தேன். பலமாக இல்லை. அவள் அப்படியே என் மடியில் சாய்ந்துவிட்டாள், இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று சொல்லத் தெரியவில்லை, ஊக்கு டப்பா மறுபடி கவிழ்ந்தது.

"நீ பிரி" என்றாள். "உனக்கு வந்தத நீதான் பிரிக்கணும்" என்றேன். பிரித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள், நடுவில் ஒரு பக்கத்தில் நின்றாள். இருந்தது. இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல், அந்தப் பிள்ளை. கிட்ட வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் அதே கண்தான், ஏன் தெரியாதவள் மாதிரி இருந்தது என்று இப்போது பிடிபடவில்லை. "எப்பப் போகணும்?" என்றேன். "இந்த மாசம் இருபத்தாறாம் தேதி." "அத விடு. வாறது எப்ப?" "ஜூன் முப்பது முடியுதும்மா. ஜூலை ரெண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுத் தருவாங்க."

எழுந்து காலண்டரிடம் போனேன். தினசரிக் காலண்டர், ஏற்கெனவே பாதி கிழித்தாயிற்று. கடைசித் தாள் வரை புரட்டினேன், டிசம்பர் முப்பத்தொன்றோடு அட்டை வந்துவிட்டது. அடுத்த ஜூலை இந்த வீட்டில் எங்கேயும் இல்லை. டெய்லரின் பென்சிலை எடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில், வெறும் சுவரில், என் கண் மட்டத்தில், ஜூலை 2 என்று அழுத்தி எழுதினேன். நன்றாக வந்தது, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

"அம்மா, சுவத்துலயா! வாடகை வீடும்மா, வீட்டுக்காரர் பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவார்" என்றாள் ஜெசி.

"சொல்லட்டும். அந்தத் தேதி வரைக்கும் இந்த வாசல விட்டு நான் இறங்க மாட்டேன்" என்றேன்.